மேசை விளிம்புக்கு அப்பால்

விளையாட்டை விமரிசிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கவிதை, கதை, நாடகம் ஆகியவையே விமரிசகனின் கவனத்துக்கு உரியவை என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆயினும் சில விளையாட்டுகள் நாடகத்தைப் போலவே உலகத்தைப் பற்றி ஒரு கதையைக் கூறுகின்றன, பாத்திரங்களைப் படைக்கின்றன, யார் எதற்காகப் போரிட்டனர் என்பது பற்றி ஒரு தீர்ப்பையும் வழங்குகின்றன. நாடகத்திலாவது பார்வையாளன் ஒதுங்கியிருந்து ஐயுறலாம். விளையாட்டில் அவனுடைய கையாலேயே அத்தீர்ப்பு நிறைவேற்றப்படுகின்றது. ஆகவே அதன் விதிநூலையும் ஒரு நாடக நூலை ஆராய்வது போல ஆராய்வது அவசியமாகின்றது.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது குடியேற்ற ஆதிக்கக் காலத்துப் போர்களை மேசைமீது நடத்தும் சிற்றுருவப் போர் விளையாட்டு. ஆறடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒரு மேசை. அதன்மீது பச்சைத் துணி, பஞ்சாலும் கம்பியாலும் செய்த மரங்கள், அட்டையாற் செய்த குன்றுகள். ஒரு புறம் சிவப்பு அங்கியும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்த பிரித்தானியர். மறுபுறம் மாட்டுத்தோற் கேடயமும் ஈட்டியும் ஏந்திய சூலு வீரர். சுமார் 28 மில்லிமீற்றர் உயரமுள்ள இவ்வுருவங்கள் ஈயத்திலோ பிளாஸ்ரிக்கிலோ வார்க்கப்பட்டவை. ஆடுவோர் பல வாரங்கள் செலவிட்டு, மிக நுண்ணிய தூரிகையால் அவற்றுக்கு வர்ணம் தீட்டுகின்றனர். அளவு நாடாவால் தூரத்தை அளந்து படையை நகர்த்துகின்றனர். பகடையை உருட்டி யார் வீழ்ந்தார் என்று தீர்மானிக்கின்றனர். அமெரிக்கரான லறி புறோம் 1979இல் வெளியிட்ட ‘வாளும் சுவாலையும்’ என்னும் விதிநூல் இவ்வகையிற் புகழ்பெற்றது. அதிலே எந்தப் படைப்பிரிவு முதலில் நகர்வது என்பதைக் கடுதாசிக் கட்டிலிருந்து எடுக்கும் கடுதாசி தீர்மானிக்கும். நினைத்த நேரத்தில் நினைத்த படையை நகர்த்த எந்தத் தளபதியாலும் இயலாது என்ற உண்மையை இவ்வெளிய உத்தி நன்றாகவே உணர்த்துகின்றது.

இவ்விளையாட்டின் பூர்வீகம் பொழுதுபோக்கில் இல்லை. பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரியான றைஸ்விட்ஸ் 1824இல் முறைப்படுத்திய ‘கிறீக்ஸ்பீல்’, அதிகாரிகளுக்குப் போர் பயிற்றும் கருவியாகவே படைமுகாம்களுக்குட் புகுந்தது. அதன் பின்னர் 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘சிறு போர்கள்’ என்ற நூலை வெளியிட்டு, ஈயப் பொம்மைகளையும் விளையாட்டுப் பீரங்கியையும் வீட்டுத் தரையிற் பரப்பினார். வெல்ஸ் சமதர்மக் கருத்துடையவர், போரை வெறுத்தவர். உண்மைப் போர் எத்துணை மூடத்தனமான காரியம் என்பதை இச்சிறு போரை ஆடிப் பார்ப்பவன் உணர்வான் என்று அவர் நம்பினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. நல்லெண்ணம் உடைய ஒருவர் ஆக்கியதனாலேயே ஒரு கலைவடிவம் நல்ல பயனைத் தந்துவிடாது என்பதற்கு இது தக்க சான்று. ஆக்கியோனின் எண்ணத்தை மட்டுமன்றி, ஆக்கத்தின் அமைப்பையும் நாம் ஆராய வேண்டும்.

சூலுப் போர் விளையாட்டின் அமைப்பில் முதலில் நோக்கவேண்டியது அதன் காலம். மேசையில் அடிக்கடி ஆடப்படுவது 1879 ஜனவரி 22ஆம் திகதி பிற்பகலில் தொடங்கி மறுநாட் காலை வரை நீடித்த றோர்க்ஸ் ட்ரிப்ட் சண்டை. அங்கே சுமார் 150 பிரித்தானியர், மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையான சூலு வீரரை எதிர்த்து நின்றனர். சோள மூட்டைகளையும் பிஸ்கற் பெட்டிகளையும் அடுக்கி அரண் அமைத்தனர். பதினொருவருக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. 1964இல் வெளிவந்த ‘சூலு’ என்ற திரைப்படம் இச்சம்பவத்தை உலகெங்கும் பரப்பியது. இந்த விளையாட்டின்பாற் பலரை ஈர்த்ததும் அப்படமே.

சண்டையிற் காட்டப்பட்ட துணிவை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சண்டை தொடங்குவதற்கு முன் நடந்தது என்ன? 1878 டிசம்பரில் பிரித்தானிய உயர் ஆணையாளர் பார்ட்டில் பிறேயர், சூலு மன்னன் செட்ஸ்வாயோவுக்கு ஓர் இறுதி எச்சரிக்கை விடுத்தான். படையமைப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. எந்த அரசும் ஏற்கமுடியாத அந்நிபந்தனை, ஏற்கப்படக்கூடாது என்பதற்காகவே விதிக்கப்பட்டது. 1879 ஜனவரி 11ஆம் திகதி பிரித்தானியப் படைகள் எல்லை ஆற்றைக் கடந்து சூலு நாட்டினுட் புகுந்தன. றோர்க்ஸ் ட்ரிப்ட் நேட்டால் கரையில் இருந்தது உண்மையே; எனினும் அது அப்படையெடுப்புக்கு உணவும் தளவாடமும் சேமித்து வைத்த களஞ்சியம்.

மேசை விளையாட்டு ஜனவரி 22ஆம் திகதி தொடங்குகின்றது. ஜனவரி 11ஆம் திகதி அதில் இல்லை. பதினொரு நாட்களை வெட்டி எறிந்தவுடன் ஒரு மாயம் நிகழ்கின்றது. படையெடுத்து வந்தவன் காவலன் ஆகின்றான். மண்ணுக்குரியவன் மேசையின் விளிம்பிலிருந்து திரள் திரளாகப் பாயும் ஆபத்தாகின்றான். யாரும் ஒரு பொய்யைக்கூடச் சொல்லவில்லை. துவக்கின் வகை சரி, அங்கியின் பொத்தான் சரி, மூட்டைகளின் எண்ணிக்கைகூடச் சரியாக இருக்கலாம். விவரங்கள் யாவும் மெய்யாக இருந்தும் முழுமை பொய்யாகிவிடுகின்றது. யதார்த்தம் என்பது விவரங்களின் கூட்டம் அன்று; அவற்றின் தொடர்பு என்று நாம் இலக்கியத்தில் இடையறாது வற்புறுத்தி வருவதன் பொருள் இதுவே.

தொடக்கத்தைப் போலவே முடிவும் வெட்டப்படுகின்றது. றோர்க்ஸ் ட்ரிப்டில் வீழ்ந்துகிடந்த சூலுக் காயக்காரர் பலர் சண்டை ஓய்ந்தபின் கொல்லப்பட்டனர். 1879 ஜூலை 4ஆம் திகதி உலுண்டியில் மன்னனின் தலைநகர் தீக்கிரையானது. நாடு பதின்மூன்று துண்டுகளாகப் பங்கிடப்பட்டது. 1887இல் பிரித்தானிய உடைமையானது. இவற்றுள் எதற்கும் மேசையில் இடமில்லை. திரைப்படமோ ஒருபடி மேலே சென்று, தோற்றுத் திரும்பும் சூலு வீரர் வெள்ளையரின் வீரத்துக்கு வணக்கம் செலுத்துவதாகக் காட்டுகின்றது. வரலாறு அறியாத வணக்கம் அது. ஒடுக்கியவனுக்கு வெற்றி மட்டும் போதவில்லை. ஒடுக்கப்பட்டவனின் வாயால் நற்சான்றும் தேவைப்படுகின்றது.

இனி, பாத்திரப் படைப்பு. இத்தகைய விதிநூல்களிற் பொதுவாகப் பிரித்தானியப் படைக்குத் துவக்கின் வலிமையும் கட்டுப்பாடும் அணிவகுப்பும் வழங்கப்படுகின்றன. சூலுப் படைக்கு வேகமும் கைகலப்பு வலிமையும் எண்ணிக்கையும் கொடுக்கப்படுகின்றன. மேலோட்டமாக இது நியாயமாகவே தோன்றும். ஆனால் ஊன்றி நோக்கினால், ஒருவனுக்கு மூளையும் மற்றவனுக்கு உடம்பும் பங்கிடப்பட்டிருப்பது புலனாகும். உண்மையில் சூலுப் படை சிந்திக்கும் படை. மாட்டின் கொம்பும் மார்பும் போன்ற அதன் அணிவகுப்பில், நடுப்படை எதிரியைத் தடுத்து நிறுத்த இரு கொம்புகள் சுற்றிவளைக்கும். பின்னே ஒரு படை தேவைக்கெனக் காத்திருக்கும். றோர்க்ஸ் ட்ரிப்ட் சண்டை தொடங்கிய அதே நாளில் இசாண்டில்வானாவில் நடந்தது வேறு கதை. சுமார் இருபதினாயிரம் பேர் கொண்ட படை ஒரு பள்ளத்தாக்கில் மறைந்திருந்தும் பிரித்தானியத் தளபதி செம்ஸ்பேட் அதை அறியவில்லை. அவன் தன் படையைப் பிரித்துக்கொண்டு வேறு திசையிற் சென்றிருந்தான். பாசறையில் இருந்தோரில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திட்டமிட்டவன் வென்றான், அலட்சியம் செய்தவன் தோற்றான். இவ்வெற்றியை ‘காட்டுமிராண்டிகளின் பெருந்திரள்’ என்று பெயரிட்டு மறைத்தது அக்காலத்துப் பத்திரிகை. மேசை விளையாட்டின் எண்கள் அப்பெயரை நாகரிகமான மொழியில் இன்றும் நிலைநிறுத்துகின்றன.

இன்னொன்றும் உண்டு. சிவப்பு அங்கிகளுக்கு வர்ணம் தீட்டுவதில் ஆடுவோர் காட்டும் அக்கறையில், அப்படையின் மறுபாதி மறந்துபோகின்றது. இசாண்டில்வானாவிற் பிரித்தானியர் பக்கம் மாண்டவர்களில் பல நூறு பேர் ஆப்பிரிக்கர். நேட்டாலிற் படைக்குச் சேர்க்கப்பட்ட கறுப்பு உழைப்பாளர். ஏகாதிபத்தியம் தன் போர்களைத் தன் கையால் மட்டும் என்றுமே நடத்தியதில்லை.

நேட்டால் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் சற்று நிற்கவேண்டும். 1860 நவம்பர் 16ஆம் திகதி ‘ட்றூறோ’ என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. சென்னையிலிருந்து 342 ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பல் அது. 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். தமிழர் அவர்களுட் கணிசமானோர். சூலுப் போர் நடந்தபோது எல்லைக்கு இப்பாற் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கத்தியோடு நின்றவர்கள் நம்மவர். சூலுவை உழைப்பாளியாக்க முயன்று முடியாத இடத்திற்கே தமிழன் கொண்டுவரப்பட்டான். ஒருவனின் நிலத்தைப் பறிப்பதும் மற்றவனின் உழைப்பைப் பறிப்பதும் ஒரே கையின் இரு தொழில்கள். அந்த மேசையின் விளிம்பை ஓர் அங்குலம் அகட்டினால் அங்கே நம் மூதாதையர் நிற்பதைக் காணலாம். 1977க்குப் பின் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. அவர்களின் முன்னோரை இலங்கைக்கு ஏற்றிவந்ததும் அதே அமைப்புத்தான்.

இவ்வளவையும் ஆங்கிலேயன் மீது குற்றம் சுமத்துவதற்காக மட்டும் கூறவில்லை. நம் வீட்டு மேடையையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். வன்னிக்கும் இவ்வாறான ஒரு போர் உண்டு.

1803ஆம் ஆண்டு. ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிரித்தானியர் கைப்பற்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு ஜூனில் கண்டியிற் புகுந்திருந்த பிரித்தானியப் படை அழிக்கப்பட்டது. அக்கொந்தளிப்பின் நடுவே பண்டாரவன்னியன் கண்டியரின் துணையோடு எழுந்தான். முல்லைத்தீவில் இருந்த அரசாங்க மனையைத் தாக்கி, கப்டன் வொன் ட்றிபேர்க்கின் காவற்படையை வெளியேற்றினான். வடபகுதி எங்கும் பரவி ஆனையிறவு வரை முன்னேறினான். 1803 அக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் ட்றிபேர்க் அவனைத் தோற்கடித்தான். ஒட்டுசுட்டானை அடுத்த அவ்விடத்து நினைவுக்கல் கூறும் செய்தியில் தோற்கடித்தவனே எழுவாய், வன்னியன் செயப்படுபொருள். இதுவும் மேசை விளையாட்டின் இலக்கணமே. யார், எங்கே, எந்த நாளில் வென்றான் என்பது உண்டு. அவன் அங்கே ஏன் வந்தான் என்பது இல்லை.

இக்கல்லுக்கு நம் எழுத்தாளர் பதில் எழுதினர். முல்லைமணியின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் வன்னி மக்களிடையே அவனை மீண்டும் உயிர்ப்பித்தது. தமிழகத்தில் மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்ற நாவலை எழுதினார். செயப்படுபொருளாய்க் கிடந்தவனை எழுவாய் ஆக்கியது இவ்வெழுத்துகளின் சாதனை. அதை மனமாரப் பாராட்டுவோம். வவுனியா நகரில் அவன் சிலை நிற்பதற்கும் இவ்விழிப்பே காரணம். ஆனால் அவனைப் பற்றி மேடையிலும் பேச்சிலும் பொதுவாகப் பரவியுள்ள கதையைப் பாருங்கள். ஒப்பற்ற ஒரு வீரன், மணம் மறுக்கப்பட்ட காக்கை வன்னியனின் வன்மம், ஒரு காட்டிக்கொடுப்பு, ஒரு வீழ்ச்சி. இதிலே மக்கள் எங்கே? ஒல்லாந்தர் காலம் முதலே வன்னி நிலத்தின்மீதும் நெல்லின்மீதும் விழுந்த பிடி எங்கே? தமிழ்த் தலைவன் ஒருவனும் கண்டி அரசும் ஒரே பகைவனை எதிர்த்து நின்றதன் பொருள் எங்கே? அக்காலத்தில் இலங்கையிற் பிரித்தானியக் கொடியின்கீழ்ப் பணிபுரிந்த மலாய்ப் படையினரும் இந்தியச் சிப்பாய்களும், படைகளின் சுமையைத் தலையில் தூக்கிய கூலிகளும் எங்கே? போருக்குப் பின் வன்னி என்னவாயிற்று என்பதற்காவது நாம் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலைப் புரட்ட வேண்டியிருக்கின்றது. நம் நாடகம் அங்கே செல்லவில்லை.

இது வெறும் அழகியற் குறைபாடு என்று கருதவேண்டாம். ஓர் ஏகாதிபத்தியத்தின் பீரங்கியையும் அதன் பொருளாதாரத்தையும் மறைத்துவிட்டு, தோல்வியின் காரணத்தைத் தனி ஒருவனின் துரோகத்தில் அடக்கும்போது, வாள் உள்நோக்கித் திரும்புகின்றது. ‘காக்கை வன்னியன்’ என்பது நம் அரசியலில் ஒரு வசைச்சொல்லாயிற்று. துரோகி என்ற ஒற்றைச் சொல் எத்தனை பேருக்கு விசாரணையற்ற தீர்ப்பாக அமைந்தது என்பதை 1970களுக்குப் பிந்திய நம் வரலாறு நன்கறியும். கதை எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது, யாரை விட்டுவிடுகின்றது என்பவை கலைக் கேள்விகள் மட்டும் அல்ல, உயிர்க் கேள்விகள்.

அப்படியாயின் போரை விளையாட்டாக ஆடுவதே கூடாதா? அவ்வாறு கூறுவது எளிது, சரியன்று. நம் கிராமத்துத் திண்ணையிலும் கோயில் வீதிக் கருங்கல்லிலும் கட்டம் கீறி ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டமும் சமனற்ற இரு படைகளின் ஆட்டமே. மூன்று புலி, பதினைந்து ஆடு. பெயரிலுள்ள மிருகத்துக்கு இன்றைய அரசியற் பொருள் தேடவேண்டாம். விதியை மட்டும் நோக்குவோம். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. தனித்து நிற்கும் ஆடு மடியும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் பிழைக்கும். புலிகள் அசைய இடமின்றி வழிகளை அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. பகடைக்கு அங்கே வேலையில்லை. வலியவனின் வலிமையை இவ்வாட்டம் மறைக்கவில்லை; எளியவனுக்குச் சிந்தனையை மறுக்கவுமில்லை. சிறு குச்சியும் கல்லும் கொண்டு இவ்வளவு சொல்ல முடியுமானால், ஆயிரம் பொம்மைகளை வைத்திருப்போர் இன்னும் அதிகம் சொல்லலாம் அன்றோ?

மேசைப் போர் விளையாட்டாளரிலும் நேர்மையானோர் உளர். அவர்கள் தேடித் தேடி வரலாறு படிக்கின்றனர். இசாண்டில்வானாவையும் மேசையில் வைக்கின்றனர். சூலு பக்கம் நின்று ஆடுகின்றனர். காயமுற்றவனைத் தூக்கிச் செல்ல ஆட்களை ஒதுக்க வேண்டும் என்று விதிக்கும் விதிநூலும் உண்டு. வீழ்ந்த உருவத்தை வெறுமனே பெட்டியிற் போடுவதை விட அது மேலானது. ஆனால் பக்கம் மாறி நிற்பதால் மட்டும் பார்வை மாறிவிடாது. மேசையின் விளிம்பு மாறவேண்டும்.

வன்னி மக்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் அந்த மணற்பரப்பு எங்கோ சில அறைகளில் வரைபடமாகவும் அம்புக்குறியாகவும் இருந்தது. மணலில் இருந்தவர்களோ பதுங்குகுழியிற் பிள்ளையை அணைத்துக்கொண்டிருந்த தாய்மார். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இற் கூறியது. தப்பியவர்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் வன்னி நிலத்திற் கண்ணிவெடியை ஒவ்வோர் அங்குலமாகக் கிளறி எடுத்தவர்களிற் பலர் நம் பெண்கள். ஒரு போர் எந்த நாளில் முடிகின்றது என்று அவர்களைக் கேட்க வேண்டும். விதிநூல் ஆறாம் சுற்றிலோ எட்டாம் சுற்றிலோ ஆட்டத்தை முடித்துவிடும்.

இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் நம் பிள்ளைகள் இந்த மேசைகளைச் சந்திக்கின்றனர். அவர்களில் ஒருவன் நாளை முல்லைத்தீவு 1803ஐ மேசையில் அமைக்க விரும்பலாம். அவனைத் தடுக்கவேண்டாம். ஆனால் அவனிடம் சில பொருட்களை வேண்டுவோம். மேசையில் ஒரு குளம் வை. அதன் கட்டையும் துருசையும் வை. போர் எத்தனை நாள் நீடித்தால் எத்தனை வயல் விதைப்பின்றிக் கிடக்கும் என்று கணக்கு வை. சுமை தூக்குவோனை வை. அவன் இரவில் ஓடிப்போவதற்கும் ஒரு விதி எழுது. மலாய்ப் படையினனையும் சிப்பாயையும் வை. அவன் ஊர் எது, அவன் ஏன் இங்கு வந்தான் என்று குறித்து வை. கண்டியிலிருந்து வந்த துணையை மறக்காதே. முதற் கடுதாசியை எடுக்குமுன், இந்தக் கப்பல்கள் எதைத் தேடி இந்தக் கரைக்கு வந்தன என்று எதிரே இருப்பவனுக்கு எடுத்துரை.

அவ்வாறு அமைத்தால் ஆட்டம் நீளும். சுவை குறையும் என்று சிலர் கூறக்கூடும். குறையட்டும். போரின் சுவை சற்றுக் குறைவதால் மனித குலத்துக்கு நட்டம் எதுவும் இல்லை. நம் நாடகாசிரியரும் நாவலாசிரியரும் இதே வேண்டுகோளைத் தமக்கு உரியதாகக் கொள்வார்களாக. வீரனின் வாளுக்கு வர்ணம் தீட்டியது போதும். அந்த வாள் சுழன்ற வயலில் மறு ஆண்டு யார் விதைத்தார்கள் என்பதை இனி எழுதுவோம்.